ஒப்புக்கொடுத்தல்: 'சரண்டர்' என்பதற்குத் தமிழ்

குடியிலிருந்து மீள்வோருக்கான கிறிஸ்தவக் கூட்டங்களில் 'ஆண்டவர்கிட்ட சரண்டர் பண்ணிட்டேன்' என்பது பழகிய பேச்சு. வெளியாள் காதில் அது விழுந்தால், தேடப்பட்ட ஆள் வக்கீலோடு கோர்ட் படியேறும் காட்சிதான் மனதில் வரும்.

சரண்டர் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'கையை விட்டுக் கொடுத்துவிடு' என்பது அதன் கருத்து. நில உரிமையை உடையவரிடம் திருப்பிக் கொடுப்பதைக் குறிக்கும் சட்டச் சொல்லாகவும் ஆங்கிலத்தில் வழங்கியது. மீட்புக் கூட்டங்களுக்கு அதைக் கொண்டுவந்தது ஃபிராங்க் புக்மன் என்ற அமெரிக்கப் போதகரின் கிறிஸ்தவ இயக்கமான ஆக்ஸ்ஃபோர்ட் குழு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் தொடங்கிய, குடியிலிருந்து மீள்வோரின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அக்குழுவின் நிழலில் வளர்ந்தது. ஆனால் 1939இல் அச்சான, மீள்வதற்கான அதன் 12 படிகளில் 'சரண்டர்' என்ற சொல்லே கிடையாது!

'சரணாகதி' தமிழில் இருக்கிறதே என்பீர்கள். அது அழகான சொல்தான். ஆனால் அதில் நான் போய் அடைக்கலம் புகுகிறேன். மீள்பவர் செய்வது வேறு: தன்னால் தீர்க்க முடியாத ஒன்றை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கிறார். சில கூட்டங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய செருப்புப் பெட்டியின் மூடியில் ஒரு கீறல் இருக்கும். 'மகன் என்னோடு பேசுவதில்லை' என்று துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து உள்ளே போடுவார்கள்.

இதற்குத் தமிழ் வேதாகமத்திலேயே சொல் இருக்கிறது: ஒப்புக்கொடுத்தல். சரீரங்களை ஜீவபலியாக 'ஒப்புக்கொடுக்க' வேண்டும் என்கிறது ரோமர் 12:1. 1991இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'செலிப்ரேட் ரிக்கவரி' என்ற கிறிஸ்தவ மீட்புத் திட்டம், வாழ்வைக் கடவுள் கையில் விடும் மூன்றாம் படிக்கு ஆதாரமாக வைத்திருப்பதும் இதே வசனம்தான்.

ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு பொருத்தமும் இதில் உண்டு. முதல் படி, 'என்னால் முடியவில்லை' என்று ஒப்புக்கொள்வது. மூன்றாம் படி, ஒப்புக்கொடுப்பது. 'ஒப்பு' ஒன்றேதான், கொள்வது கொடுப்பதாக மாறுகிறது. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தை 'ஒப்புரவு' என்பதிலும் அதே வேர். ஐந்தாம் படியில் தவறுகளைக் கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் சொல்வதற்கு அது அருகில் நிற்கிறது.

கைகழுவுதலை மட்டும் இதோடு குழப்பக் கூடாது. பிலாத்து செய்தது அது. வாங்கிய கடனைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, கடன்காரரைக் கண்டால் தெரு மாறுவதும் அதுதான். யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியலிட்டு ஈடுசெய்வது எட்டாம், ஒன்பதாம் படிகள். அந்த வேலை நம்முடையது.

இன்னொரு உறவுக்காரச் சொல் 'ஒப்பித்தல்', பள்ளியில் மனம் ஒட்டாமல் பாடம் ஒப்பிப்போமே, அது. ஹாரி டீபோ என்ற மனநல மருத்துவர் 1953இல், மேலுக்கு இணங்குவது வேறு, உள்ளபடி விட்டுக்கொடுப்பது வேறு என்று குடிநோயாளிகளைக் கொண்டு விளக்கி எழுதினார். அவருக்கு இரண்டு சொற்கள் தேவைப்பட்டன. நமக்கு ஒப்பிப்பதும் ஒப்புக்கொடுப்பதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கூட்டத்தில் பேசுபவர் எதைச் செய்கிறார் என்பது பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும்.