ரான்ச்: எங்கேருந்து வந்த சொல், தமிழ்ல எப்படி எழுதலாம்?

அமெரிக்காவோட கன்ட்ரி இசைப் பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பத்தி எங்க படிச்சாலும் ரான்ச்ங்கற சொல் வரும், தமிழ்ல அதை வெறும் பண்ணைன்னு போட்டுட்டு போயிடுறாங்க. பண்ணைன்னா நெல்லு, கரும்பு, கோழி, எதுவா வேணா இருக்கலாம். ரான்ச்னா ஆடு, மாடு, குதிரை மேயறதுக்குன்னே இருக்குற பெரிய நிலம், பயிரெல்லாம் அங்க ரெண்டாம்பட்சம். தெக்கு டெக்சாஸ் மாதிரி வறண்ட சீமையில ஒரு மாட்டுக்கே பல ஏக்கர் புல்லு வேணும், அதான் அவ்ளோ பரப்பு.

மூலம் ஸ்பானிஷ் ராஞ்சோ. முதல்ல சிப்பாய்ங்க கூட்டமா உக்காந்து சாப்பிடறதுக்கு சொன்ன சொல்லு, இன்னிக்கும் ஸ்பெயின்ல ராணுவம், ஜெயில் சாப்பாட்டுக்கு அந்தப் பேர் இருக்கு. அப்புறம் குடிசையக் குறிச்சு, மெக்சிகோ பக்கம் போனதும் மாடு மேய்க்கிறவங்க இருப்பிடம், மேய்ச்சல் நிலம்னு விரிஞ்சிடுச்சு. டெக்சாஸ் 1836 வரைக்கும் மெக்சிகோவோட இருந்த பூமி, 19ஆம் நூற்றாண்டுல சொல்லு அப்படியே இங்கிலீஷுக்குள்ள வந்திடுச்சு. மெக்சிகோவோட ராஞ்சேரா பாட்டுக்கும் இதான் வேர், ஸ்ட்ரெய்ட் 2009ல அப்படி ஒரு பாட்டை ஸ்பானிஷ்லயே பாடி ரெக்கார்ட் பண்ணிருக்கார், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது.

அவருக்கு ரான்ச் வெறும் மேடை அலங்காரம் கிடையாது. அப்பா கணக்கு வாத்தியார், குடும்பத்துக்கு ரான்ச்சும் இருந்துச்சு. இவர் டெக்சாஸ்ல சான் மார்கோஸ் ஊர்ல விவசாயம் படிச்சு 1979ல டிகிரி வாங்கினார், பகல்ல ரான்ச் வேலை ராத்திரி மியூசிக் பேண்டுன்னு ஓடி 1981ல பெரிய கம்பெனியில முதல் ரெக்கார்டு. பெரிய ஸ்டார் ஆனப்புறமும் குடும்பம் டெக்சாஸ்லதான், ரெண்டு பேர் குதிரையில போய் கயிறு வீசி மாட்டைப் பிடிக்கிற டீம் ரோப்பிங் போட்டிய அண்ணனோட சேர்ந்து வருஷா வருஷம் நடத்தினார், மகனும் அந்த விளையாட்டுல இறங்கினார்.

நம்ம ஊர்ல இதுக்கு கிட்ட வர்றது காங்கேயம் பக்கத்து கொரங்காடு. கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, வெள்வேல மரம், மாடு அதுக்குள்ளயே மேயும். ஆனா அது அந்த மண்ணுக்கே உரிய பேரு, பரப்பும் சின்னது, டெக்சாஸ் மேல ஒட்ட வேணாம். பொதுவா எழுத மேய்ச்சல் பண்ணைதான் சரி. ரான்ச்சர்னா மேய்ச்சல் பண்ணைக்காரர்னு எழுதுங்க, பண்ணையார்னு போட்டா ஆள் வச்சு வேலை வாங்குற மிராசுதார் நெனப்புதான் வரும், இவங்க தானே குதிரை ஏறி மாட்டைப் பிடிக்கிறவங்க.