பலகை இருக்கிறது, உச்சவரம்பு எங்கே?

சென்ற மாதம் சென்னையில் ஒரு மென்பொருள் குழுவைச் சந்திக்கச் சென்றிருந்தேன். சுவரை நிறைத்திருந்த பணிப்பலகையில், "நடப்பில் உள்ளவை" என்ற நெடுக்குப் பத்தியில் மட்டும், வேலைக்கு ஒன்றாக 30 அட்டைகள் ஒட்டப்பட்டிருந்தன. குழுவில் இருந்தவர்களோ ஆறு பேர். வேலைகளை அட்டைகளாக்கிப் பலகையில் நகர்த்தி, ஒரே நேரத்தில் நடப்பவற்றுக்கு வரம்பு வைக்கும் கான்பான் முறையையே தாங்களும் பின்பற்றுவதாகவும், ஆனாலும் எதுவும் உரிய நாளில் முடிவதில்லை என்றும் மேலாளர் வருந்தினார். இதே காட்சியை இந்த ஆண்டில் நான்காம் முறையாகக் கண்டபின் எழுதாமல் இருக்க இயலவில்லை.

கான்பான் என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்று பொருள். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அலமாரி மீண்டும் நிரப்பப்படுவதை முன்மாதிரியாகக் கொண்டு, டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ இம்முறையை வளர்த்தபோது, அட்டை வந்து சேராமல் எந்தப் பிரிவும் உதிரிப்பாகத்தைச் செய்யக்கூடாது என்பதே விதி. புழக்கத்தில் எத்தனை அட்டைகளோ, அத்தனைக்கே அனுமதி. நாம் அட்டையை எடுத்துக்கொண்டு அனுமதியைக் கைவிட்டுவிட்டோம்.

"முன்னதாகத் தொடங்கினால் முன்னதாக முடியும்" என்ற நம்பிக்கைதான் இதற்கு வேர். இதை எத்தனை முறை மறுத்தாலும் மீண்டும் கேட்கிறேன் என்பதால், கணக்காகவே சொல்கிறேன். ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, வேலை வரத்தும் முடிவும் சீராக உள்ள இடத்தில், ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலம் என்பது நடப்பில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. அந்தக் குழு வாரத்திற்கு ஐந்து வேலைகளை முடிக்கிறது. ஆகவே 30 அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக ஆறு வாரங்கள் கிடக்கும். அதே ஆட்களும் அதே வேகமும் இருக்க, பத்து அட்டைகளை மட்டும் அனுமதித்தால் இரண்டே வாரம். ஒருவர் ஐந்து வேலைகளைக் கையில் வைத்திருக்கும்போது, எந்த நேரத்திலும் நான்கு காத்துக்கிடக்கின்றன என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். பாதியில் விட்ட வேலையின் மீதே கவனத்தின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுவதால், உண்மையான இழப்பு இக்கணக்கையும் விடக் கூடுதலாகவே இருக்கும்.

நடப்பு வேலைகளுக்கு இப்படி வரம்பு வைத்தால் டெவலப்பர்கள் வேலையின்றி இருப்பார்களே என்று மேலாளர்கள் அஞ்சுகிறார்கள். சோதனைப் பத்தி நிரம்பியிருந்தால் அவர்கள் சென்று சோதனைக்கு உதவட்டும். அங்கே புதிய நிரலைக் குவிப்பதால் யாருக்கும் பயனில்லை. முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தேக்கமே காட்டிக்கொடுக்கிறது. (ஹைதராபாத்தில் இருந்த மைக்ரோசாஃப்ட் பராமரிப்புக் குழு 2004-இல் தொடங்கிய மாற்றத்தின் மையமும் நடப்பு வேலைகளைக் கட்டுப்படுத்துவதே, மென்பொருள் துறையில் கான்பான் வளர்ந்த கதையில் அதற்கு முக்கிய இடம் உண்டு.)

ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அதில் இருக்கக்கூடிய அட்டைகளின் உச்சவரம்பாக ஓர் எண்ணை எழுதுங்கள். எண் நிரம்பினால் புதியதைத் தொடாதீர்கள். தடைபட்ட அட்டையைப் பழைய பத்திக்குத் தள்ளி மறைக்காமல், தடையின் காரணத்தை அதன்மீதே எழுதுங்கள். அவசர வேலைக்கு ஓரிடம் மட்டும் ஒதுக்குங்கள். எல்லாமே அவசரம் என்று சொல்லும் மேலாளரிடம், எதை நிறுத்தி வைக்கலாம் என்பதையும் அவரே தெரிவிக்குமாறு கேளுங்கள். வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்கப்படும் "சின்ன வேலை"யும் பலகைக்கு வந்தே ஆக வேண்டும். காலைக் கூட்டத்தில், முடிவுக்கு மிக அருகில் உள்ள அட்டையிலிருந்து பேச்சைத் தொடங்கி, இன்று அதை முடிக்க யார் உதவுவது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.