சேற்றுக்குள் நடக்கும் வளைய உடைப்பு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகும் வலையும் கறுத்தன. மிதந்ததை மீனவர்கள் அள்ளினார்கள். சேற்றில் படிந்ததை யார் அள்ளுவது? அந்த வேலை பாக்டீரியாக்களுடையது. ஆனால் அவற்றுக்கும் அது எளிய தீனி அல்ல.

எண்ணெயிலுள்ள பென்சீன், டொலுவீன், நாப்தலீன் (பழைய அந்துருண்டையின் அதே நாப்தலீன்) எல்லாவற்றிலும் ஆறு கார்பன்கள் கைகோத்த வளையம் இருக்கிறது. அந்த வளையத்தின் ஆறு எலெக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் தனிச்சொத்தாக இல்லாமல் வளையம் முழுவதும் பரவி நிற்கின்றன. அந்தக் கூட்டுக்குடித்தனம்தான் அதன் பலம்.

சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் அதில்தான் கைவைக்கின்றன. நாப்தலீனை எடுத்துக்கொள்வோம். டைஆக்சிஜனேஸ் என்ற நொதி, இரும்பின் துணையோடு, ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் அடுத்தடுத்த கார்பன்களில் ஏற்றுகிறது. குடித்தனம் கலைகிறது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த நொதி இரண்டு ஹைட்ரஜன்களைப் பிடுங்கியதும் வளையம் மறுபடி உறுதியாகிவிடுகிறது! வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் வளையத்தில் இப்போது பிடிப்பதற்கு இரண்டு காதுகள் முளைத்திருக்கின்றன. பென்சீனில் இந்த நிலைக்குக் கேட்டகால் என்று பெயர். நாப்தலீனும் இன்னும் சில படிகள் தாண்டி அங்கேதான் வந்து சேர்கிறது. பிறகு வேறொரு டைஆக்சிஜனேஸ் இரு காதுகளுக்கு நடுவிலோ, ஓரத்திலோ வளையத்தை வெட்டுகிறது. ஓரத்தில் வெட்டினால் பளிச்சென்ற மஞ்சள் நிறம் வரும்; ஆய்வகத்தில் பாக்டீரியாத் திட்டுகள் மீது கேட்டகாலைத் தெளித்து, அந்த நொதி இருக்கிறதா என்று இதை வைத்தே பார்க்கிறார்கள். வெட்டுண்ட சங்கிலி, நம் செல்களிலும் நடக்கும் அதே ஆற்றல் சுழற்சிக்குள் போய்க் கரைகிறது. இப்படி ஏறும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து அல்ல, காற்றிலிருந்தே வருகிறது என்று 1955இல் காட்டியவர் ஜப்பானின் ஒசாமு ஹயாய்ஷி.

இத்தனை நொதிகளை எப்போதும் சமைத்துக்கொண்டிருந்தால் செல்லுக்குக் கட்டுபடியாகாது. டொலுவீனைத் தின்னும் மரபணுக்கள் பல சூடோமோனாஸ்களில் தனி வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிடில் இருக்கின்றன. அவற்றில் நன்கு ஆராயப்பட்ட ஒன்றுக்குச் சுமார் 1,17,000 எழுத்துகள் நீளம். டொலுவீன் வந்து ஒட்டினால்தான் காவல் புரதம் ஒன்று அந்த மரபணுக்களை முடுக்கிவிடும். பிளாஸ்மிட் செல்லுக்குச் செல் கைமாறவும் செய்யும்.

ஆக, தட்டுப்பாடு மரபணுவுக்கு அல்ல, காற்றுக்கு. கழிவு மண்டிய சேற்றில் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அங்கே வேறு பாக்டீரியாக்கள் டொலுவீனை, செல்லுக்குள்ளேயே இருக்கும் ஃபியூமரேட் என்ற சிறு மூலக்கூறோடு ஒட்டவைத்து, ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு மெதுவாக எரிக்கின்றன. கறுப்புச் சேற்றைக் கிளறினால் எழுகிறதே அழுகிய முட்டை நாற்றம், அது சல்பேட்டைச் சுவாசிப்பவை விடும் மூச்சு.