நார்ச்சத்து: சக்கைக்குக் கிடைத்த பெயர்

உடம்பில் ஒட்டுவது சத்து, ஒட்டாமல் போவது சக்கை. தமிழில் இரண்டும் எதிரும் புதிருமான சொற்கள். ஆனால் நம் நொதிகளால் செரிக்க முடியாத சக்கைக்குத்தான் 'நார்ச்சத்து' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

'டயட்டரி ஃபைபர்' என்ற ஆங்கிலத் தொடரை ஹிப்ஸ்லி என்பவர் 1953இல் எழுதினார். 1970களில் ட்ரோவெல், பர்கிட் என்ற மருத்துவர்கள் அதைப் பரப்பினார்கள். அந்தத் தொடரில் சத்து என்ற பேச்சே இல்லை, நேர்த்தமிழ் 'உணவுநார்'. புரதச்சத்து, கொழுப்புச்சத்து என்ற வரிசையில் இதையும் உட்கார வைத்துவிட்டோம். நார் என்பது பழந்தமிழில் அன்பையும் குறிக்கும். 833ஆம் குறளின் 'நாரின்மை' அன்பின்மைதான். அந்த நாருக்கும் குடலுக்கும் சம்பந்தமில்லை!

'நார்' என்ற பாதியும் சோயாவிடம் தடுமாறுகிறது. ஊறவைத்த சோயாவை அரைத்துத் துணியில் பிழிந்து பாருங்கள். துணியில் தங்கும் ஈரச் சக்கையில்தான் கரையா நார் மிகுதி: தாவரச் செல்சுவரைக் கட்டும் செல்லுலோஸும் அதன் உறவினர்களும். கீழே இறங்கிய பாலில் இழை எதுவும் தென்படாது. இருந்தும் அதைக் குடித்தால் சிலருக்கு வயிறு உப்புகிறது. காரணம் பாலோடு கரைந்து வந்த ஸ்டாக்கியோஸ், ராஃபினோஸ் என்னும் சர்க்கரைகள். சங்கிலிபோலக் கோத்த எளிய சர்க்கரை அலகுகளைக் கண்ணிகள் என்றால், ஸ்டாக்கியோஸில் நான்கு கண்ணிகள், ராஃபினோஸில் மூன்று. அவற்றில் காலக்டோஸ் என்ற எளிய சர்க்கரையின் பிணைப்பை அறுக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகும் சர்க்கரையை அங்குள்ள பாக்டீரியா நொதிக்கவைக்கிறது, வாயு சேர்கிறது. பயறை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இச்சர்க்கரைகள் குறையும்.

இவையும் உணவுநாரா? கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத்தர அமைப்பின் 2009 வரையறை, சிறுகுடலில் செரிக்காதவற்றில் பத்தும் அதற்கு மேலும் கண்ணி உள்ளவற்றை நாராக ஏற்கிறது. மூன்று முதல் ஒன்பது வரை உள்ளவற்றை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டது. ஆக, ஒரே சர்க்கரை ஒரு நாட்டில் நார், இன்னொரு நாட்டில் நாரல்ல.

இவை எல்லாவற்றையும் சேர்த்து 'செரிக்காத மாவுச்சத்து' என்று எழுதுகிறார்கள். சோயாவைப் பொறுத்தவரை அது தவறு என்பேன். 100 கிராம் உலர்ந்த சோயாவில் கார்போஹைட்ரேட் ஏறக்குறைய 30 கிராம் இருந்தாலும், அதில் மாவு மிகச் சொற்பம். 'செரியாக் கார்போஹைட்ரேட்' என்பதே பொருந்தும். கரையும் சர்க்கரைகளைத் தனியே சொல்ல வேண்டுமானால் 'சிறுதொடர்ச் சர்க்கரை' எனலாம்.

'சத்து' என்பதை அடியோடு தள்ளவும் மனம் வரவில்லை. பாக்டீரியா நொதிக்கவைக்கும்போது உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்களைக் குடற்சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. நாரின் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2 கிலோகலோரி என்று சத்துக் கணக்கில் எழுதுவது அதனால்தான்.