புங்கமரத்தை வெட்டும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

போன வாரம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற புங்கமரம் இல்லை, அடிக்கட்டைதான் இருந்தது. "இலை பூரா கொப்புளம் சார். வைரஸாம், பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னு வெட்டிட்டாங்க" என்றார் காவலாளி. இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது மரம் இது.

புங்க இலையில் விரல்நுனி போல எழும்பி நிற்கும் முடிச்சு வைரஸ் இல்லை. பூஞ்சணமும் இல்லை. எரியோஃபைட் என்னும் சிலந்திப்பேன் தளிரில் சாறு உறிஞ்சுவதால் வருவது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மற்ற சிலந்திப்பேன்களுக்கு எட்டுக் கால், இதற்கு நாலே கால். இலையைத் திருப்பினால் முடிச்சுக்கு அடியில் வாசல் மாதிரி சின்னத் துளை தெரியும். புங்கத்தில் இருப்பது பக்கத்து வேம்புக்கோ மாமரத்துக்கோ போகாது. மனிதருக்கு ஒட்டவே ஒட்டாது. மரமும் இதனால் சாகாது. வருடா வருடம் இலை நிறைய முடிச்சோடு பூத்துக் காய்க்கிற புங்கமரங்கள் சாலையோரம் எத்தனை நிற்கின்றன!

கடைக்காரர் கொடுத்தார் என்று பூஞ்சண மருந்தை அடிக்காதீர்கள். பூச்சி மருந்தும் வேண்டாம். முடிச்சுக்குள் இருக்கும் சிலந்திப்பேனை அந்த மருந்து தொடாது, வெளியே அந்தப் பேனைப் பிடித்துத் தின்னும் உயிர்களைத்தான் கொல்லும். வந்த முடிச்சு எந்த மருந்துக்கும் மறையாது. கன்றாக இருந்தால் அந்த இலைகளைக் கிள்ளிப் போடுங்கள், போதும்.

ஏழிலைப்பாலை இலையில் வரும் உருண்டை முடிச்சு வேறு கதை. பிளேடால் கீறினால் உள்ளே ஒரு பூச்சியின் குஞ்சு உட்கார்ந்திருக்கும்.

அப்போ வைரஸ் எப்படி இருக்கும்? தரிசில் வைரஸ் பிடித்த ரயில்பூண்டுக் களையைப் பாருங்கள். நரம்பெல்லாம் வலை போட்டது போல மஞ்சளாக இருக்கும், முடிச்சு இருக்காது. வெள்ளை ஈ பரப்புவது அது. பூஞ்சணத்தால் வரும் துரு நோய் என்றால் தடவிய விரலில் பொடி ஒட்டும்.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதே இல்லை. வரப்போரம் நாலைந்து வகைச் செடிகள் ஒரே சமயத்தில் இலை குறுகி, நரம்புகள் நெருங்கி, தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கின்றனவா? நோய் இத்தனை வகையை ஒரே நாளில் பிடிக்காது. பக்கத்து வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்தார்களா, காற்று எந்தப் பக்கம் வீசியது என்று விசாரியுங்கள். பருத்தி போட்டிருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், அந்த மருந்தின் சாரல் கொஞ்சம் பட்டாலே பருத்தி தாங்காது.

எனக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒற்றை இலையின் மேல்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு "என்ன நோய்?" என்று கேட்காதீர்கள். அடிப்பக்கம் வேண்டும், முழுச்செடி வேண்டும், பக்கத்தில் நிற்கும் வேறு செடிகளும் வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரிவாளை எடுப்பதற்கு முன்னால் அந்தப் படங்களை அனுப்புங்கள், தயவுசெய்து.