அழிப்பதற்கு முன் ஆப்ஜெக்டைப் பாருங்கள்: பவர்ஷெல் பழகத் தொடங்குபவர்களுக்கு

முப்பது நாளைத் தாண்டிய பதிவுக் கோப்புகளை நீக்குவதற்கு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கோப்புப் பட்டியலை வெறும் எழுத்தாக வாங்கி, ஒவ்வொரு வரியிலும் முதல் பத்து எழுத்துகளை வெட்டி, அதையே தேதியாக எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட். பல மாதங்கள் ஒழுங்காக ஓடியது. பிறகு அதை வேறொரு சர்வருக்கு மாற்றினோம். அங்கே மாதம் முன்னும் நாள் பின்னுமாகத் தேதி காட்டப்பட்டது. ஏப்ரல் 3 என்பதை அது மார்ச் 4 என்று படித்தது. இருக்க வேண்டிய கோப்புகளும் போய்விட்டன. பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்க ஓர் இரவு முழுவதும் ஆனது.

பவர்ஷெல்லை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான். ஜெஃப்ரி ஸ்நோவர் வடிவமைப்பில் 2006இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இந்த ஷெல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கருவி), 2016இல் ஓப்பன் சோர்ஸ் ஆகி லினக்ஸுக்கும் மேக்குக்கும் வந்தது. மற்ற பெரும்பாலான ஷெல்களில் ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குக் கொண்டுபோகும் பைப் ( | ) வழியாகப் போவது எழுத்து. இங்கே போவது ஆப்ஜெக்ட், அதாவது பெயர், அளவு, தேதி போன்ற பண்புகளைத் தனித்தனியாகச் சுமக்கும் தரவு. திரையில் தெரியும் அட்டவணை அந்த ஆப்ஜெக்டின் நிழல் மட்டுமே. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிழலை விட்டு ஆளைப் பார்க்க, ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிடும் கெட்-சைல்ட்ஐட்டம் (Get-ChildItem) கட்டளையின் விடையைப் பைப் வழியாகக் கெட்-மெம்பருக்கு (Get-Member) அனுப்புங்கள். திரையில் வராத பண்புகளும் சேர்ந்து எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில், கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரமான லாஸ்ட்ரைட்டைம் (LastWriteTime) என்பதன் எதிரே டேட்டைம் என்ற வகை எழுதியிருக்கும். அதாவது அது உண்மையான தேதி. நாள் முன்னா மாதம் முன்னா என்ற கேள்வியே அதற்கு இல்லை. கெட்-டேட் தரும் இன்றைய தேதியில் ஆட்டேஸ் (AddDays) வழியாக முப்பது நாளைக் கழித்து, பொருந்துபவற்றை மட்டும் வடிகட்டும் வேர்-ஆப்ஜெக்டில் (Where-Object) அதை லாஸ்ட்ரைட்டைமோடு ஒப்பிட்டால் போதும். என் பழைய ஸ்கிரிப்ட் ஒரே வரியாகச் சுருங்கியது.

அந்த வரியின் கடைசியில், நீக்கும் கட்டளையான ரிமூவ்-ஐட்டம் இருக்கிறது. தயவுசெய்து இங்கே நிதானியுங்கள். அது நீக்கியது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. எனவே முதல் முறை வாட்இஃப் (-WhatIf) என்ற சுவிட்சைச் சேர்த்து ஓட்டுங்கள். எதை நீக்கப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது. அந்தப் பட்டியலை உட்கார்ந்து படியுங்கள். ஆனால் எல்லாமே வாட்இஃபுக்குக் கட்டுப்படும் என்று நம்பிவிடாதீர்கள்: ஸ்கிரிப்டுக்குள் நீங்கள் அழைக்கும் வெளி நிரல் அதைச் சட்டை செய்யாமல் தன் வேலையைச் செய்து முடித்துவிடும்.

இன்னொரு குழியிலும் பலர் விழுகிறார்கள். அட்டவணை அழகாக இருக்கிறதென்று ஃபார்மட்-டேபிளைப் போட்டு, அதன் பின், விடையை சிஎஸ்வி அட்டவணைக் கோப்பாகச் சேமிக்கும் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கொடுப்பார்கள். கோப்பைத் திறந்தால் பெயரும் அளவும் இருக்காது, புரியாத எண்ணெழுத்துகள்தான் இருக்கும். ஃபார்மட் வந்த இடத்தில் உங்கள் தரவு போய், திரையில் வரைவதற்கான குறிப்புகள் மட்டும் மிஞ்சுகின்றன. வேண்டிய பண்புகளைப் பொறுக்க செலக்ட்-ஆப்ஜெக்டைப் பயன்படுத்துங்கள்.

எந்த ஸ்கிரிப்டுகள் ஓடலாம் என்று தீர்மானிக்கும் எக்ஸிகியூஷன் பாலிசி தடுக்கிறதென்று, அதைத் தாண்டிப் போக இணையத்தில் கிடைத்த பைபாஸ் வரியை ஒட்டுவதும் வேண்டாம். அந்தப் பாலிசி பாதுகாப்பு மதில் அல்ல, தவறி ஓட்டிவிடாமல் காக்கும் ஒரு தாழ்ப்பாள். ரிமோட்சைன்ட் என்று வைத்தால் சொந்த ஸ்கிரிப்டுகள் ஓடும். இணையத்திலிருந்து இறக்கியவை கையொப்பம் கேட்கும். அப்போதாவது அவற்றைத் திறந்து படிப்போம்.

விண்டோஸுடன் வருவது 5.1 பதிப்பு, 7ஐத் தனியாக நிறுவ வேண்டும். 5.1இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி இயல்பாகத் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஆஸ்கி முறையில் எழுதுவதால், தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் எல்லாம் அந்த சிஎஸ்வியில் கேள்விக்குறிகளாக மாறிவிடும். என்கோடிங் (-Encoding) என்ற இடத்தில், தமிழையும் எழுதக்கூடிய யூடிஎஃப்8 (UTF8) என்று மறக்காமல் கொடுங்கள்.