லிப்பிடு: கொழுப்பா, கொழுமியமா?

ராயபுரத்தில் எந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாலும் காலை ஏழு மணிக்கு இந்தப் பேச்சு காதில் விழும்: ‘கொழுப்பு டெஸ்ட்டு எடுக்கணும், வெறும் வயித்துலதான் வந்துகிறேன்.’ சாயங்காலம் கைக்கு வரும் தாளின் தலைப்போ ‘லிப்பிட் ப்ரொஃபைல்’. உள்ளே கொலஸ்டிரால், அதை ரத்தத்தில் சுமக்கும் எச்டிஎல், எல்டிஎல் துகள்கள், டிஜிஎல் எனப்படும் டிரைகிளிசரைடு என்று வரிசையாக எண்கள். வீட்டில் யாராவது கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: ‘கொழுப்பு ஏறியிருக்கு.’ லிப்பிடு, டிரைகிளிசரைடு, கொலஸ்டிரால் மூன்றையும் இந்த ஒரு சொல்லே சுமக்கிறது. ‘இன்னா, கொழுப்பா உனுக்கு?’ என்ற நான்காவது பொருளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லிப்பிடு கிரேக்க வேரிலிருந்து வந்தது. ‘லிப்போஸ்’ என்றால் கொழுப்பு. பிரெஞ்சு வேதியியலாளர் கேப்ரியல் பெர்த்ரான் 1923இல் ‘லிப்பீட்’ என்று பெயர் வைத்தார். தண்ணீரில் கரையாமல் ஈதர், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களில் கரையும் உயிர்ப்பொருள்களை இந்தப் பெயரால் குறிக்கிறார்கள். கரையும் விதத்தை வைத்துச் சேர்த்த கூட்டம் என்பதால் உள்ளே இருப்பவற்றின் அமைப்பு ஒன்றுபோல் இருக்காது. குழப்பத்தின் மூலம் இதுதான்.

நம் சொல்லின் வேர் ‘கொழு’: தடித்தல், செழித்தல். கொழுமீன் என்று சங்கப் பாடல்களிலேயே உண்டு. ஊனில் இருக்கும் கொழுப்புக்கு நிணம் என்று தனிப்பெயர் இருந்தது. இவற்றைவிட அகலமானது ‘நெய்’. பாலில் எடுத்தாலும் எள்ளில் எடுத்தாலும் அது நெய்தான். எள் நெய்யே எண்ணெய் ஆனது. குருதிக்குக்கூட நெய்த்தோர் என்று பெயர். வழவழப்பானவை அத்தனைக்கும் பொதுப்பெயராக நிற்கத் தகுதியுள்ள சொல், இன்று தோசைமேல் ஊற்றும் ஒன்றுக்கு மட்டும் சுருங்கிவிட்டது. அதை மீட்பது இனி நடக்காது. லிப்பிடுக்கு இப்போது புழங்கும் கலைச்சொல் கொழுமியம். இலங்கைப் பாடநூல்களில் இலிப்பிட்டு. கொழுமியமே நல்ல சொல். கேட்டவுடன் கொழுப்பின் உறவு தெரிகிறது, ஆனால் கொழுப்பு அல்ல என்பதும் தெரிகிறது.

அப்படியானால் கொழுப்பு எது? டிரைகிளிசரைடுதான். கிளிசரால் என்ற மூன்று கார்பன் முதுகெலும்பு, அதில் தொங்கும் மூன்று கொழுப்பமில வால்கள். மாட்டு நெஞ்சுக்கறிக் குழம்பை இரவு அப்படியே வைத்தால் காலையில் மேலே வெள்ளையாக ஓர் ஆடை உறைந்திருக்கும். கரண்டியால் தட்டினால் விள்ளும். காசிமேட்டில் வாங்கிய கொழுத்த மத்தியைக் குழம்பு வைத்தால் எண்ணெய் மிதக்குமே தவிர உறையாது. வித்தியாசம் வாலில் இருக்கிறது. ஸ்டியரிக் அமிலம், ஒலீயிக் அமிலம் இரண்டிலும் 18 கார்பன்தான். முதலாவது நேரான வால், நெருக்கமாக அடுக்கி நிற்கும், உருக 69 டிகிரி வேண்டும். இரண்டாவதில் ஓர் இரட்டைப் பிணைப்பு வாலை வளைத்துவிடுகிறது, அடுக்க முடியாது, 13 டிகிரியிலேயே உருகிவிடும். மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏ என்ற கொழுப்பமிலத்தில் அப்படி ஆறு வளைவுகள். வளைவு கூடினால் காற்றுபட்டுச் சிக்கு வாடை அடிப்பதும் சீக்கிரம். கருவாடு மஞ்சள் பூத்துக் காறுவது இதனால்தான்.

மூன்றாவது வாலுக்குப் பதில் ஒரு பாஸ்பேட் தலை வைத்தால் அது பாஸ்போலிப்பிடு, அதாவது பாஸ்போ கொழுமியம். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. அதனால் இரண்டு வரிசையாக, வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று தானாகவே நின்றுவிடுகிறது. நம் ஒவ்வொரு செல்லின் உறையும் இதுதான். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். நுரையீரலின் காற்றுப்பைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும் இந்த வகைதான். குறைமாதக் குழந்தைக்கு அது போதாமல்தான் மூச்சுத் திணறுகிறது. மூச்சுக்குழாய் வழியே மருந்தாக அதையே செலுத்துகிறார்கள்.

கொலஸ்டிராலுக்குக் கொழுப்பமில வாலே கிடையாது. நான்கு வளையம், 27 கார்பன். கிரேக்கத்தில் ‘கோலே’ பித்தம், ‘ஸ்டெரியோஸ்’ திண்மம். பித்தக்கல்லில் முதலில் கிடைத்ததால் அந்தப் பெயர். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும். கொலஸ்டிராலை எரித்து உடம்பு சக்தி எடுப்பதே இல்லை. பித்த அமிலம், ஸ்டீராய்டு ஹார்மோன்கள், வைட்டமின் டி இவற்றுக்கான மூலப்பொருள் அது. ஆகவே இதைக் கொழுப்பு என்பது தவறு. கொலஸ்டிரால் என்றே சொல்லிவிடலாம், வாய்க்குப் பழகிவிட்டது.

இந்தத் தவறு கடை வரைக்கும் வருகிறது. எண்ணெய்ப் பாக்கெட்டில் ‘கொலஸ்டிரால் இல்லை’ என்றிருப்பதைக் கொழுப்பில்லாத எண்ணெய் என்று படித்துக் கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றுகிறார்கள். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்டிரால் சொல்லும்படி கிடையாது. ஆனால் 100 கிராம் எண்ணெயில் கிட்டத்தட்ட 100 கிராமும் கொழுப்பு. இதேபோல, ‘கறியே தொடறதில்ல, டிஜிஎல் எப்படி 300?’ என்பார்கள். மூன்று வேளைச் சோறும் சர்க்கரை டீயும் மிஞ்சினால் கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக்கும். குடியும் ஏற்றும்.

எல்டிஎல் பல இடங்களில் கணக்குப்போட்டு எழுதுவது: மொத்தக் கொலஸ்டிராலில் எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 210, 40, 150 என்றால் 210 − 40 − 30 = 140. முந்தின ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு விடிந்ததும் ரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு எண் ஏறி, எல்டிஎல் உள்ளதைவிடக் குறைவாக விழும். 9 முதல் 12 மணி நேரப் பட்டினி கேட்பது அதற்காக. டிரைகிளிசரைடு மிகவும் ஏறினால் குழாயைச் சுழற்றி எடுத்ததும் மேலே நிற்கும் நீர், தெளிந்த மஞ்சளாக இல்லாமல் பால்போல் கலங்கியிருக்கும். 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.